பீச்சுக்குப் போற வழியில அலபாமான்னு ஒரு ஸ்டேட் இருக்கு

ஞாயிறு, ஹன்ட்ஸ்வில்

நாஷ்வில், சிகாகோ பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு அலபாமான்னா ஐ-65 ஹைவே தான். வடக்க டென்னசி பார்டர்ல ஏறி தெக்க மொபீல் வரைக்கும் 366 மைல், நடுவுல ஒரு தடவை பெட்ரோல், ஒரு தடவை பாத்ரூம், அப்புறம் கல்ஃப் ஷோர்ஸ் பீச், அவ்ளோதான் முடிஞ்சுது. இங்கயே வீடு வாங்கி உக்காந்திருக்கற எனக்கு இதப் பாத்தா எரியும். இப்ப ஸ்பிரிங் பிரேக்குக்கு தம்பி குடும்பமும் அப்பாவும் நியூஜெர்சில இருந்து வந்திருக்காங்க, அவனும் பெட்டிய எறக்கின உடனே "அக்கா, நேரா பீச்சுக்கு விட்ரு, நடுவுல என்ன இருக்கு"ங்கறான். விடுவேனா. மேல இருந்து கீழ வரைக்கும் நான் சொல்ற எடத்துல எல்லாம் எறங்கணும்னு சொல்லிட்டேன். ராத்திரி ராத்திரி உக்காந்து இங்க எழுதறேன், வர்ற நினைப்பு இருக்கறவங்களுக்கு உதவும்.

மொதல்ல ஒரு விஷயம், கார் இல்லாம இந்த ஸ்டேட்டுக்கு வராதீங்க, பஸ்ஸு ட்ரெயின நம்பி ஒண்ணும் பாக்க முடியாது. ரெண்டாவது, கிழமை பாத்து பிளான் போடுங்க. பர்மிங்ஹாம் சிவில் ரைட்ஸ் மியூசியம் ஞாயிறு திங்கள் மூடி இருக்கும், மான்ட்கோமரில முக்கியமான எடங்க திங்கள் செவ்வாய் மூடி இருக்கும், ஸ்காட்ஸ்பரோ கடை ஞாயித்துக்கிழமை லீவு. அதனாலதான் நாங்க ஞாயிறு ஹன்ட்ஸ்வில்ல ஆரம்பிச்சு மெதுவா எறங்கறோம். நேரம் மாறினாலும் மாறும், கெளம்பறதுக்கு முன்னாடி வெப்சைட்ட ஒரு தடவை பாத்துருங்க.

இன்னிக்கு ராக்கெட் சென்டர். உள்ள நிலாவுக்கு ஆளுங்கள அனுப்பின ரகம், சாட்டர்ன் 5 ராக்கெட்ட படுக்க வெச்சு தலைக்கு மேல தொங்க விட்டுருக்காங்க, 363 அடி, அடியில நடந்துகிட்டே இருக்கோம் ராக்கெட் முடிய மாட்டேங்குது. உலகத்துல மிச்சம் இருக்கறது மூணே மூணு, அதுல இது ஒண்ணு. பறந்தது இல்ல, டெஸ்ட்டுக்குன்னே செஞ்சது. 1950-ல வெர்னர் ஃபான் பிரவுன்னு ராக்கெட் எஞ்சினியர் தன்னோட ஜெர்மன் ஆளுங்களோட வந்து எறங்கறதுக்கு முன்னாடி ஹன்ட்ஸ்வில் சின்ன பருத்தி ஊரு, இன்னிக்கு ஜனத்தொகைல பர்மிங்ஹாமையே தாண்டி ஸ்டேட்லயே பெரிய ஊரு ஆயிடுச்சு. ஊர்ல எங்க திரும்பினாலும் அந்தாளு பேருதான், ஆனா அவரு ஹிட்லருக்கு செஞ்ச வி-2 ராக்கெட்ட சுரங்கத்துக்குள்ள அடிமையா வேலை வாங்கின கைதிங்கள வெச்சுத்தான் கட்டினாங்க, பசங்களுக்கு அதையும் சேத்து சொல்லிருங்க.

வாசல் பக்கத்துல ஒரு சமாதி இருக்கு, கண்டிப்பா பாருங்க. மிஸ் பேக்கர்னு ஒரு குட்டிக் குரங்கு, 1959-ல ராக்கெட்ல மேல போய் உசுரோட திரும்பி வந்துது, 1971-ல இருந்து இங்க வளத்தாங்க, 1984-ல செத்துச்சு. வர்றவங்க கல்லு மேல வாழைப்பழம் வெச்சுட்டு போவாங்க. எங்க வீட்டு வாண்டுங்க ராக்கெட்ட விட இதத்தான் ஜாஸ்தி ரசிச்சுதுங்க.

திங்கள், ஸ்காட்ஸ்பரோ

ஒரு மணி நேர டிரைவ். ஏர்லைன்ஸ்ல தொலைஞ்சு போய் யாரும் வாங்கிக்காத பெட்டி எல்லாம் கடைசில எங்க போவுதுன்னு எப்பயாவது யோசிச்சிருக்கீங்களா, இங்கதான் வருது. அன்க்ளெய்ம்டு பேகேஜ்னு கடை, 1970-ல இருந்து இருக்கு. ஏர்லைன்ஸ் தேடித் தேடிப் பாத்து, சொந்தக்காரங்களுக்கு காசும் குடுத்து முடிச்சப்புறம் பெட்டிய மொத்தமா வாங்கி பிரிச்சு விக்கறாங்க. ஹெட்போன், கேமரா, கல்யாண டிரெஸ், வாக்கிங் ஸ்டிக் வரைக்கும் இருக்கு. புடவை இருக்குமான்னு தேடினேன், ஒரு லெஹங்கா மாட்டியிருந்துது, யாரு வீட்டு ரிசப்ஷனுக்கு கொண்டு போனாங்களோ. டிப்ஸ் என்னன்னா எலக்ட்ரானிக்ஸ் வாங்கறதுன்னா அங்கயே சொருகி போட்டுப் பாத்து வாங்குங்க, துணி தாராளமா எடுக்கலாம், தோச்சு தேச்சு வெச்சிருப்பாங்க.

இதே ஊரு பேர்ல ஒரு பழைய கேஸ் இருக்கு. 1931-ல ஒன்பது கறுப்பினப் பசங்க மேல பொய்யா பாலியல் குற்றம் சாட்டி எட்டு பேருக்கு அவசர அவசரமா மரண தண்டனை குடுத்தாங்க, அது நிறைவேறல, ஆனா ஜெயில்லயே அவங்க வயசு போச்சு. அந்த கேஸுக்குன்னே இங்க ஒரு மியூசியம் இருக்கு, ஷாப்பிங் வர்ற கூட்டத்துல அந்தப் பக்கம் போறவங்க கம்மி.

சாயங்காலம் வானம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஃபோன்ல டொர்னாடோ (சுழல்காத்து) வாட்ச். அப்பா பயந்துட்டாரு. மார்ச்ல இருந்து மே வரைக்கும், மறுபடி நவம்பர்ல, இது இங்க சகஜம். வாட்ச்னா வரலாம், வார்னிங்னா வந்துடுச்சு, உடனே ஜன்னல் இல்லாத உள் ரூம் இல்லன்னா பாத்ரூமுக்குள்ள போயிடணும். வெளியூர் ஆளுங்க மாட்டறது எங்கன்னா, டிவில கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) பேரு சொல்லித்தான் எச்சரிக்கை பண்ணுவாங்க, நீங்க எந்த கவுன்ட்டில தங்கியிருக்கீங்கன்னே தெரியாம ஹோட்டல்ல உக்காந்திருப்பீங்க. செக் இன் பண்றப்பவே கவுன்ட்டி பேரையும் ஷெல்டர் எங்கன்னும் கேட்டு வெச்சுக்குங்க. 2011 ஏப்ரல் 27-ல ஒரே நாள்ல இந்த ஸ்டேட்ல மட்டும் 60-க்கு மேல டொர்னாடோ, 200 பேருக்கு மேல செத்தாங்க, அதனால இங்க யாரும் இத விளையாட்டா எடுக்க மாட்டாங்க. ராத்திரி வெறும் மழையோட போயிடுச்சு.

செவ்வாய், பர்மிங்ஹாம்

வழியில டிகேட்டர்ல சாப்பாடு. பிக் பாப் கிப்சன் கடைல புகைபோட்ட சிக்கன வெள்ளை சாஸ்ல முக்கி எடுத்துத் தர்றாங்க. மயோனைஸ், வினிகர், நெறைய மிளகு. கேக்கறப்ப மூஞ்சிய சுளிப்பீங்க, சாப்ட்டு பாருங்க, மிளகும் புளிப்பும் நம்ம நாக்குக்கு நல்லாவே ஒத்துப்போவும். தம்பி பொண்டாட்டி சைவம், அவளுக்குத்தான் கஷ்டம். இங்க 'மீட் அண்ட் த்ரீ'ன்னு கடைங்க இருக்கும், ஒரு கறி, கூட மூணு காய், காய மட்டும் நாலு தட்டு வெஜிடபிள் பிளேட்டாவும் கேக்கலாம். ஆனா கீரைலயும் பீன்ஸ்லயும் பன்னிக்கறித் துண்டு போட்டு வேக வெச்சிருப்பாங்க, மெனுல எழுதியிருக்காது, வாயத் தொறந்து கேக்கணும். பொரிச்ச வெண்டைக்காயும் மக்ரோனி சீஸும் ஓரளவுக்கு சேஃப், அதையும் எந்த எண்ணெய்னு கேட்டுக்குங்க. "அண்ணி, இங்க மக்ரோனியக் கூட காய்கறி லிஸ்ட்ல வெச்சிருக்காங்க"ன்னு சிரிக்கறா. ஆமா, இங்க அதுவும் காய்தான். டீ கேட்டா பாகு மாதிரி ஸ்வீட் டீ ஐஸ் போட்டு வரும், அன்ஸ்வீட்னு அழுத்திச் சொல்லுங்க, சுகர் இருக்கற அப்பாம்மாவ கூட்டிட்டு வந்தா இன்னும் அழுத்திச் சொல்லுங்க.

பர்மிங்ஹாம்ல ஸ்லாஸ் ஃபர்னஸ், அப்பாவுக்காகவே வெச்ச எடம். அவரு சேலம் உருக்காலைல ரிட்டையர் ஆனவரு. 1882-ல இருந்து 1971 வரைக்கும் இரும்பு உருக்கின ஆலை, இப்ப துருப்புடிச்சு அப்படியே நிக்குது, சும்மா சுத்திப் பாக்க டிக்கெட்டும் இல்ல. அப்பா ஒவ்வொரு பைப்பா நின்னு பாத்து "நம்ம பிளான்ட்ல ப்ளாஸ்ட் ஃபர்னஸே கெடையாதும்மா, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஷீட்டு, கஞ்சமலைல இரும்பு இருந்து என்ன, நிலக்கரிக்கு எங்க போறது"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, ஒரு மணி நேரம் அசையல. அவரு சொன்னதுதான் இந்த ஊரோட ஜாதகமும், இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூணும் பக்கத்துப் பக்கத்துல கெடைச்சதாலதான் 1871-ல ஒண்ணுமில்லாத எடத்துல ஊரையே உண்டாக்கினாங்க. நிலக்கரி வெட்டினதுல நெறைய பேரு வாடகைக்கு விடப்பட்ட கைதிங்க, பெரும்பாலும் கறுப்பினத்தவங்க, சின்னச் சின்ன கேஸ்ல புடிச்சு கம்பெனிக்கு அனுப்பிடுவாங்க. அந்த வழக்கம் அலபாமால 1928 வரைக்கும் இருந்துது.

மலை மேல வல்கன் சிலை, 56 அடி, உலகத்துலயே பெரிய வார்ப்பிரும்பு சிலை, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காக செஞ்சது. முன்னாடி ஏப்ரன், பின்னாடி ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் இருக்கற ஹோம்வுட் ஊருக்கு காலம் பூரா பின்பக்க தரிசனம்தான். பசங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க.

மத்தியானம் சிரிப்பெல்லாம் நின்னுபோச்சு. பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் சர்ச். 1963 செப்டம்பர் 15, ஞாயித்துக்கிழமை காலைல கு க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆளுங்க வெச்ச குண்டுல நாலு பொண்ணுங்க செத்தாங்க, மூணு பேருக்கு வயசு 14, ஒருத்திக்கு 11. குத்தவாளிங்கள்ல முதல் ஆளுக்கு தண்டனை 1977-ல, மத்த ரெண்டு பேருக்கு 2001, 2002-ல. உள்ள ஒரு கலர் கண்ணாடி ஜன்னல்ல கறுப்பு ஏசு, வேல்ஸ் நாட்டு ஜனங்க காசு சேத்து குடுத்தது. எதிர்ல கெல்லி இங்கிராம் பார்க், அந்த வருஷம் மே மாசம் சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த ஸ்கூல் பசங்க மேல போலீஸ் நாயையும் தண்ணி பைப்பையும் ஏவி விட்ட எடம். நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் சுவத்துல இருந்து நாய்ங்க பல்லக் காட்டிட்டு பாயற மாதிரி சிலை, நடுவுல நடந்துதான் போகணும். தம்பி பொண்ணு என் கையப் புடிச்சுட்டா, "அத்தை, ராக்கெட் செஞ்ச ஊரு இங்கருந்து எவ்ளோ தூரம்"னு கேட்டா. 100 மைல்டா. இங்க குண்டு வெடிச்சப்ப அங்க நிலாவுக்குப் போக எஞ்சின் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க. ரெண்டும் ஒரே ஸ்டேட், ஒரே வருஷம். வரிசையா எறங்கிப் பாக்கச் சொல்றது இதுக்காகத்தான்.

புதன், மான்ட்கோமரி

கிளான்டன்ல பீச் பழம் மாதிரி ஒரு தண்ணி டேங்க் ஹைவேல இருந்தே தெரியும். பழம் மே கடைசிலதான் நல்லா வரும், இப்ப ஐஸ்க்ரீம் மட்டும். ஆனா ரோட்டோரம் 'பாயில்டு பீநட்ஸ்' போர்டு பாத்தா நிறுத்துங்க, நம்ம அவிச்ச வேர்க்கடலைதான், உப்புத்தண்ணில மணிக்கணக்கா வேக வெச்சு தோலோட சூடா தருவாங்க. கேஜுன் மசாலா போட்டதும் உண்டு. அப்பா ஒரு பெரிய கப்ப தனியா முடிச்சாரு.

மான்ட்கோமரிக்கு ஒரு முழு நாள் வைங்க, அதுக்குக் கொறைச்சலா வந்தா வராதீங்க. லெகசி மியூசியம், லிஞ்சிங் (கும்பல் சேந்து அடிச்சுக் கொல்றது) நினைவிடம், ஆத்தங்கரைல 2024-ல தொறந்த சிற்பப் பூங்கா, மூணுக்கும் சேத்து ஒரே டிக்கெட், 5 டாலர். நியூயார்க்ல இந்தக் காசுக்கு காப்பி கூட வராது. பிரையன் ஸ்டீவன்சன்னு வக்கீல், மரண தண்டனைக் கைதிங்களுக்காக வாதாடறவரு, அவரோட அமைப்புதான் 2018-ல இத ஆரம்பிச்சுது. காலைல தெம்பா இருக்கறப்ப மியூசியம் போங்க, உள்ள ஃபோட்டோ எடுக்க விட மாட்டாங்க, அதுவும் நல்லதுக்குத்தான். ஒரு சுவர் பூரா கண்ணாடி ஜாடி, ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர கும்பல் அடிச்சுக் கொன்ன எடத்து மண்ணு, மேல பேரு, ஊரு, தேதி. கறுப்பு, செவப்பு, மணல் கலருன்னு மண்ணு ஒவ்வொண்ணும் வேற வேற.

நினைவிடம் ஒரு மேட்டு மேல. 800-க்கு மேல துருக்கலர் இரும்புத் தூண், கவுன்ட்டிக்கு ஒண்ணு. நுழையறப்ப நம்ம ஒசரத்துக்கு எதிர்ல நிக்குது, பேரப் படிச்சுட்டே போறோம், தரை கொஞ்சம் கொஞ்சமா எறங்குது, தூணு மட்டும் அதே மட்டத்துல, கடைசில பாத்தா எல்லாம் தலைக்கு மேல தொங்குது. 1877-ல இருந்து 1950 வரைக்கும் இப்படிக் கொல்லப்பட்ட கறுப்பினத்தவங்க 4400 பேருக்கு மேல. வெளிய அதே தூணுங்களுக்கு இன்னொரு ஜோடி படுக்க வெச்சிருக்காங்க, அந்தந்த கவுன்ட்டி வந்து தூக்கிட்டுப் போய் ஊர்ல நடணும்னு. வரிசை வரிசையா அங்கயேதான் கெடக்கு. பத்து வயசுக்குக் கீழ இருக்கற பசங்கள மியூசியத்துக்குள்ள விட வேணாம், ரொம்ப கனமா இருக்கும், சிற்பப் பூங்காவுக்கு படகுல கூட்டிட்டுப் போகலாம். நாங்க மாத்தி மாத்திப் போனோம்.

சாயங்காலம் டெக்ஸ்டர் அவென்யூ நடந்தோம். மேல கேபிட்டல் (ஸ்டேட் சட்டசபைக் கட்டடம்), 1861-ல அடிமை முறைய காப்பாத்த பிரிஞ்சு போன தெற்கத்தி அரசுக்கு ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேத்த எடத்துல ஒரு நட்சத்திரம் பதிச்சிருக்கு. அங்க நின்னு பாத்தா கீழ கூப்பிடு தூரத்துல செங்கல் சர்ச்சு, 1954-ல 25 வயசுல மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டரா வந்தது அங்கதான். அடுத்த வருஷம் டிசம்பர்ல ரோசா பார்க்ஸ் பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டு விட மாட்டேன்னாங்க, 381 நாள் ஊர்ல இருந்த கறுப்பின ஜனங்க பஸ் ஏறாம நடந்தாங்க. அதே வருஷம் மார்ச்சுலயே கிளாடெட் கால்வின்னு 15 வயசுப் பொண்ணு இதேதான் பண்ணுச்சு, அவ பேரு நெறைய பேருக்குத் தெரியாது. கிங் இந்தியா வந்ததும் இந்த சர்ச்சுல இருந்தப்பதான், 1959-ல, கன்னியாகுமரி வரைக்கும் போனாரு. அப்பா அந்த வாசல்ல நின்னு ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொன்னாரு, பொதுவா அவரு ஃபோட்டோக்கு நிக்கற ஆளே இல்ல. உள்ள பாக்கணும்னா முன்கூட்டியே புக் பண்ணணும்.

வியாழன், செல்மா, ஜீஸ் பெண்ட், மொபீல்

ஐ-65 விட்டுட்டு யுஎஸ்-80 புடிங்க. 1965 மார்ச்சுல ஓட்டுரிமை கேட்டு செல்மால இருந்து மான்ட்கோமரிக்கு 54 மைல் நடந்த ரோடு இது, நாங்க திருப்பி ஓட்றோம். எட்மண்ட் பெட்டஸ் பாலத்துல மார்ச் 7 அன்னிக்கு போலீஸ் அடிச்சு ரத்தம் கொட்டின கதை தெரிஞ்சிருக்கும். பாலத்துக்கு கார்ல போகாதீங்க, இந்தப் பக்கம் நிறுத்திட்டு நடங்க, நடுவுல மேடா வளைஞ்சிருக்கும், உச்சிக்குப் போற வரைக்கும் எதிர்ப்பக்கம் யாரு நிக்கறாங்கன்னே தெரியாது. ஊரு பாவம், பாதிக் கடை காலி, 2023 ஜனவரி டொர்னாடோ வேற மிச்சத்தையும் உடைச்சுட்டு போயிடுச்சு. சாப்பாட்ட இங்க சாப்பிடுங்க, காசு அங்க போகட்டும்.

அங்கருந்து ஜீஸ் பெண்ட், ஆறு வளைச்சுக்கிட்ட ஒரு கிராமம். பழைய வேலைத்துணி, கிழிஞ்ச ஜீன்ஸ் எல்லாம் வெட்டி பொம்பளைங்க தெச்ச ஒட்டுப்போர்வை, 2002-ல நியூயார்க் விட்னி மியூசியம் வரைக்கும் போச்சு. அடிமைங்களா இருந்தவங்களோட பேரப்பிள்ளைங்க ஊரு. எதிர்க்கரைல கேம்டன், கோர்ட்டு, ஓட்டு ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் அங்க. 1962-ல இவங்க ஓட்டுக்குப் பேரு பதிய படகுல போக ஆரம்பிச்சதும் படகையே நிறுத்திட்டாங்க, ரோட்டுல சுத்திப் போனா 40 மைல் கிட்ட. மறுபடி படகு விட்டது 2006-ல. இப்ப பேட்டரில ஓடுது, காரையும் ஏத்தலாம், ஒரு நாளைக்கு சில ட்ரிப்தான், டைம் பாத்துட்டு போங்க. போர்வை தெச்சவங்க கிட்டயே வாங்கலாம், பெருசு ஆயிரக்கணக்குல இருக்கும், கேட்டுட்டு அநியாயம்னு சொல்லிராதீங்க, கையால தெச்சது. நான் சின்னதா ஒண்ணு வாங்கினேன்.

அப்புறம் மொபீல் வரைக்கும் காடு, காடு, காடு. ஒரு பெட்ரோல் பங்க்ல ஒரு பெரியவரு அப்பாகிட்ட "அலபாமாவா, ஆபர்னா?"ன்னு கேட்டாரு. ரெண்டு காலேஜ் ஃபுட்பால் டீம், இங்க மதம் மாதிரி. ஊருக்குப் புதுசுன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் சனிக்கிழமைல டஸ்கலூசாவுலயோ (அலபாமா டீமோட ஊரு) ஆபர்ன்லயோ ரூம் தேடாதீங்க.

வெள்ளி, மொபீல்

மார்டி கிரா, அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற ஊர்வலத் திருவிழா, அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல ஆரம்பிச்சுதுன்னு இங்க சொன்னா கோச்சுக்குவாங்க. பிரெஞ்சுக்காரங்க மொபீல 1702-ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே கொண்டாட்டம், நியூ ஆர்லியன்ஸ் பொறந்ததே 1718-ல. குழந்தைங்களோட மார்டி கிரா பாக்கணும்னா மொபீல்தான் என் ஓட்டு, ஊர்வலத்துல மூன் பைன்னு மார்ஷ்மெல்லோ பிஸ்கட்ட கூட்டத்துக்குள்ள வீசுவாங்க, பசங்க பை நெறைய பொறுக்கலாம். யுஎஸ்எஸ் அலபாமா போர்க்கப்பல் பாத்தோம், தம்பி பையன் பீரங்கிய விட்டு வரல, ஸ்கூல் பசங்க சில்லறை சேத்து குடுத்த காசும் அத இங்க கொண்டுவர உதவியிருக்கு.

எனக்கு ஆஃப்ரிக்காடவுன்தான் முக்கியம். அடிமைங்கள வெளிநாட்டுல இருந்து கொண்டுவரக் கூடாதுன்னு சட்டம் வந்தது 1808-ல. 1860-ல ஒரு பணக்காரன் என்னால முடியும்னு பந்தயம் கட்டி க்ளோட்டில்டாங்கற கப்பல்ல 110 பேரக் கடத்திட்டு வந்தான், அப்புறம் தடயம் தெரியாம இருக்க கப்பலக் கொளுத்திட்டாங்க. விடுதலை ஆனப்புறம் ஊருக்குத் திரும்பக் காசில்லாம அவங்களே நிலம் வாங்கி உண்டாக்கின ஊரு இது. கப்பலே இல்ல, கட்டுக்கதைன்னு சொன்னவங்களுக்கு 2019-ல ஆத்துச் சேத்துக்குள்ள கப்பல் கெடைச்சுது. 2023-ல தொறந்த சின்ன மியூசியத்துல அந்த மரப்பலகைத் துண்ட தண்ணித் தொட்டில போட்டு வெச்சிருக்காங்க. எடம் கம்மி, டிக்கெட் முன்னாடியே போட்டுருங்க.

சனி, கடல்

தம்பி முகத்துல இன்னிக்குத்தான் சிரிப்பு. மணல் சர்க்கரை வெள்ளை, அப்பலேச்சியன் மலைல இருந்து ஆறுங்க அரைச்சுட்டு வந்த குவார்ட்ஸ், வெயில்லயும் கால் சுடாது. ஏப்ரல்ல தண்ணி இன்னும் ஜில்லுனுதான் இருக்கும். கொடியப் பாருங்க, ரெண்டு செவப்புக் கொடி பறந்தா தண்ணில எறங்கவே கூடாது, ஃபைன் போடுவாங்க, அலை சின்னதாத் தெரிஞ்சாலும் உள்ள இழுக்கற நீரோட்டம் பெரிய ஆளையே கொண்டு போயிடும்.

கூட்டம் புடிக்காதவங்க ஃபோர்ட் மார்கன்ல இருந்து காரோட படகு ஏறி டாஃபின் தீவுக்குப் போங்க, 40 நிமிஷம். ஏப்ரல்ல கடலத் தாண்டி வர்ற குட்டிப் பறவைங்க களைச்சுப் போய் அங்க எறங்கும், பைனாகுலர் எடுத்துக்குங்க. மழைக்காத்து அடிச்ச மறுநாள் இன்னும் ஜாஸ்தி.

கோடைல வர்றவங்களுக்கு ஒண்ணு. மொபீல் விரிகுடாவோட கிழக்குக் கரைல, டாஃப்னி, ஃபேர்ஹோப் பக்கம், சில விடியக்காலைல அடித்தண்ணில ஆக்சிஜன் கொறைஞ்சு நண்டு, இறால், தட்டை மீனெல்லாம் மூச்சுக்கு கரையோரம் ஒதுங்கிடும், ஜனங்க "ஜூபிலி"ன்னு கத்திட்டு வாளியோட நைட்டியிலயே ஓடி வருவாங்க. என்னிக்குன்னு யாராலயும் சரியா சொல்ல முடியாது, அந்த ஊர்க்காரங்க யாராவது ஃப்ரெண்டா இருந்தா ராத்திரி ஃபோன் பண்ணி எழுப்புவாங்க. எனக்கு இன்னும் அப்படி ஒரு ஃப்ரெண்டு கெடைக்கல.

திரும்பறப்ப பாயூ லா பாட்ரே வழியா வாங்க, இறால் படகு ஊரு, 70-கள்ல இருந்து வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆளுங்க நெறைய இருக்காங்க. கூல் பாக்ஸ் வீட்டுல இருந்தே எடுத்துட்டு வாங்க. தலையோட இருக்கற இறாலா கேளுங்க, வெல கம்மி, தலையப் போட்டு கொழம்பு வெச்சா ருசியே வேற.